டீ ஆறும்வரை

நாள் 18, காலை 06:20. சீரிஸ் குறுங்கோள், குகை நிலையம், ஸ்கிரிப்ட் அறை

இன்றும் டீ சூடாக இருந்தது.

பதிவில் முதலில் அழுத்தம், வெப்பம், கையிருப்பு என்றுதான் எழுத வேண்டும். அழுத்தம் சரி. வெப்பம் சரி. காற்றுக் கையிருப்பு நான்கு நாட்களுக்கு. ஆனால் இன்று நான் முதலில் கவனித்தது டீயைத்தான்.

இதை யார் எப்போது எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். பனிப்பாறைக்குள் குடைந்த குகையில் இருபத்தாறு பேர் இருக்கிறோம். எங்களுக்கான காற்று இங்கே உண்டாவதில்லை. தொலைவில் மேட்டுக் கிணறு என்று ஓர் இடம் இருக்கிறது. ரோவர் வண்டியில் போனால் இரண்டு நாள். அங்கே ஒருவர் மட்டும் தங்கி, பனியை உருக்கிக் காற்றைப் பிரித்துக் குழாயில் அனுப்புவார். மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று முறை. இப்போது அங்கே இருப்பவள் என் அக்கா பெர்னதெத்.

கிணற்றில் இருப்பவர் தினமும் காலையில் ஒரு தகட்டில் கையை வைக்க வேண்டும். கை பட்டால் அன்றைக்கு வால்வு திறந்திருக்கும். மதியம்வரை படாவிட்டால் தானே மூடிக்கொள்ளும். ஆளில்லாமல் பம்பு ஓடக்கூடாது என்பதற்காக அப்படி. கை பட்டதும் இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் மணி அடிக்கும். அந்த மணி அடிக்காமல் குகையில் யாரும் முதல் டீயைத் தொடுவதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, வழக்கம். ஆறு மணிக்கு விளக்குகள் பகல் வெளிச்சத்துக்கு மாறும். டீயை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

அக்கா ஒரு தூங்குமூஞ்சி. அவள் போனதிலிருந்து மணி ஒருநாள் ஆறரைக்கு அடிக்கும், ஒருநாள் ஏழுக்கு. எங்கள் நிலையத் தலைவர் இசக்கி மாமா ரேடியோவில் கத்துவார்.

"ஏட்டி பெர்ணா! கைய வையிட்டி, மூதி! டீயில ஆட கட்டிட்டு!"

அவளும் விடமாட்டாள்.

"ஆடைக்குத் தனியா காசா கேக்காங்க? எஸ்காவுக்குக் குடுங்க மாமா. ஈர்க்குச்சி மாதிரி இருக்கா."

எஸ்கா நான்தான். எஸ்கலின்.

ஒன்பதாம் நாள் நில நடுக்கம் வந்தது. கிணற்றின் ஆன்டெனா விழுந்து ரேடியோ நின்றது. குழாயோடு ஓடும் கம்பி மட்டும் தப்பியது. அதில் பேச்சு வராது, தகட்டின் குறியும் வால்வின் அளவும் மட்டும் வரும். மணி தினமும் அடிப்பதால் யாரும் பயப்படவில்லை.

பத்தாம் நாளிலிருந்து விளக்கு மாறுவதும் மணி அடிப்பதும் ஒன்றாக நடக்கின்றன. டீ சூடாக இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நாள் 19, 10:40. வேலை

நான் செய்யும் வேலை என்னவென்று எழுதுகிறேன்.

இங்கே காற்று, தண்ணீர், வெப்பம் மூன்றையும் பங்கிடுவது மனிதர்கள் அல்ல, ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் என்றால் தானாக ஓடும் நிரல். எல்லா நிலையங்களின் கணினிகளிலும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். பதிந்தபின் அதை யாராலும் மாற்ற முடியாது. எழுதியவராலும் முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு, அடுத்த மாதம் முதல் நாள் புதிதாகப் போடுவோம். போடுவதை இங்கே நடவு என்பார்கள். நடுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு, வரிசையாக எழுதிய கட்டளைகள். அந்த ஸ்கிரிப்டுகள் என் பொறுப்பு.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன். கணக்கு வராமல் அல்ல. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள். இந்த அறையில் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

இன்று உள்பேசியில் இசக்கி மாமா:

"எஸ்கலின், கேக்கியா? தலைய ஆட்டாத, எனக்குத் தெரியாது. வாயத் தொறந்து சொல்லு."

"கேக்கேன் மாமா."

"பக்கத்து நெலையத்துல எவனோ ஒருத்தன் அடுத்தவன் கையப் பதிஞ்சி வச்சி, மெசின விட்டு தெனமும் வைக்க விட்டிருக்கான். தொட்டி பூரா காலி. ஆறு உசுரு போச்சி. இனிமே எல்லா நடவு ஸ்கிரிப்டுலயும் காவல் மாட்யூல் சேக்கணுமாம். அடுத்த ஒண்ணாந்தேதி நடவுக்குள்ள முடிச்சிருவியா?"

"முடிச்சிருவேன்."

"நீ ரெண்டு வார்த்த பேசினதே எனக்குப் பாயாசம் குடிச்ச மாதிரி இருக்கு."

நாள் 20, 16:15. காவல் மாட்யூல்

பழைய ஒப்பந்தம் கையின் ரேகையை மட்டும் பார்க்கும். காவல் மாட்யூல் என்பது கூடுதலாகச் சேர்க்கும் ஒரு நிரல் துண்டு, கைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும். தகட்டில் மூன்று புள்ளிகள் ஒளிரும். தினம் ஒரு வரிசை. விரல் அவற்றைப் பின்தொடர வேண்டும். சூடு, அழுத்தம், தயக்கம் எல்லாவற்றையும் அளக்கும். சற்றும் தயங்காத கை மனிதக் கை இல்லை என்பது அதன் கணக்கு.

சேர்ப்பது கடினமில்லை. ஸ்கிரிப்டில் ஒப்பந்தத்தை நடுவதற்கு முந்தைய படியில் மாட்யூலை இணைக்க வேண்டும். பிந்தினால் பூட்டாத கதவோடு நட்டதாகிவிடும். தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் காலையிலேயே முடித்தேன்.

பிறகு ஒத்திகை. இந்த மாதம் பதிவான குறிகளை மாட்யூலுக்குக் கொடுத்து, ஏற்கிறதா என்று பார்ப்பது. பழைய குறிகளில் புள்ளிகள் இல்லை, சூடும் அழுத்தமும் தயக்கமும் மட்டும் பார்க்கும். தண்ணீர் பச்சை. வெப்பம் பச்சை.

காற்றில் ஒன்பதாம் நாள்வரை பச்சை. பத்திலிருந்து சிவப்பு. எல்லா நாளும்.

என் இணைப்பில்தான் பிழை என்று முதலிலிருந்து எழுதினேன். மறுபடி ஓட்டினேன். சிவப்பு.

நாள் 21, 07:05. பொம்மை

காலையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிவைக்கிறேன்.

அக்கா கிணற்றுக்குப் போன முதல் வாரம் அனுப்பிய செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

"எஸ்கா, எனக்குப் பதிலா கை வைக்க ஒரு பொம்ம செஞ்சி அனுப்புட்டி. ஞாயித்துக்கெழமையாவது தூங்கித் தொலைக்கேன். இசக்கி மாமாகிட்ட சொல்லிறாத, திட்டுறதுக்கு அது நடந்தே இங்க வந்துரும்."

பொம்மை செய்ய அவளுக்கு நான் தேவையில்லை. ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட்டுக் கை வைக்கச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் என் கையை ஒருமுறை பதிந்துவைத்து, அதையே திரும்பத் திரும்பத் தகட்டுக்குக் கொடுப்பேன். ஒத்திகைக் கை என்று அதற்குப் பெயர். அக்கா என் தோளில் முகவாயை ஊன்றிக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறாள். "அடிப்பாவி, இவ்வளவுதானா!" என்றாள். எப்படி என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

ஆக, ஒத்திகைக் கையை மாட்டிவிட்டுத் தூங்குகிறாள். அவ்வளவுதான். ரேடியோ இல்லை, திட்ட ஆளில்லை. அவளுக்குக் கொண்டாட்டம்.

இசக்கி மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளைத் திட்டுவார்.

நாள் 22, 21:30. மூன்று புள்ளிகள்

அவளை எழுப்ப ஒரு வழி கண்டுபிடித்தேன்.

சின்ன ஒப்பந்தம் ஒன்றை எழுதி, குழாய்க் கம்பி வழியே கிணற்றுக்கும் போகும்படி நட்டேன். அதில் காற்று இல்லை, வால்வு இல்லை, காவல் மாட்யூல் மட்டும். கிணற்றுத் தகட்டில் மூன்று புள்ளிகள் ஒளிரும், கூடவே பீப் என்று சத்தம் வரும். அவள் விரலை வைத்தால் என் அறையில் மட்டும் மணி அடிக்கும். தகடு அவள் படுக்கைக்கு நேரே இருக்கிறது. எவ்வளவு தூக்கமானாலும் எழுந்து, என்னைத் திட்டிக்கொண்டாவது தொடுவாள்.

காலை எட்டுக்கு நட்டேன். அறையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டைத் தவமணி மயினி வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ரோவர் மெக்கானிக், குகையில் எல்லோருக்கும் மயினி, அண்ணி முறை. ரோவரின் உடைந்த சங்கிலியை இரண்டு வாரமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

மணி அடிக்கவில்லை.

மாலையில் வால்வு அளவுகளை எடுத்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமல்தான் எடுத்தேன். பத்தாம் நாள் ஞாபகம் வந்தது. நடுக்கத்தில் எங்கள் குகையிலும் விரிசல் விழுந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளைப் படுக்கவே வைத்திருந்தார்கள். அன்று காலை ஒலிபெருக்கியில் இசக்கி மாமா குரல்:

"எல்லாரும் கேளுங்க! கெணத்துல இருந்து கூடுதலா காத்து வருது! நம்ம பெர்ணா பம்ப முடுக்கிட்டா போல. அவள மூதின்னு சொன்ன வாய கழுவிட்டேன். இன்னிக்கு எல்லாருக்கும் பாயாசம்!"

பாயாசம் குடித்தோம். நான் இரண்டு தம்ளர் குடித்தேன்.

பம்பு முடுக்கப்படவில்லை. பம்பு எப்போதும் போலத்தான் ஓடியிருக்கிறது. கிணற்றில் இரண்டு வால்வுகள். ஒன்று குகைக்கு, ஒன்று கிணற்று அறைக்கு. அறை வால்வை ஒன்பதாம் நாள் நள்ளிரவில் பூஜ்யத்துக்கு வைத்திருக்கிறாள். அந்தக் காற்றும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அதைத்தான் கூடுதல் என்றோம்.

பூஜ்யம். அதற்குப் பிறகு அந்த வால்வை யாரும் தொடவில்லை.

பத்தாம் நாளிலிருந்து அங்கே யாரும் மூச்சு விடவில்லை.

நாள் 23, நேரம் பார்க்கவில்லை

காலையில் மணி அடித்தது. விளக்கோடு அடித்தது. கூடத்தில் கைதட்டினார்கள். "பெர்ணா திருந்திட்டா" என்று இசக்கி மாமா ஒலிபெருக்கியில் சொன்னார். டீ என் கையைச் சுட்டது.

ஏன் செய்தாள் என்று புரிகிறது. கை படாவிட்டால் மதியம் வால்வு மூடும். கையிருப்பு அன்றைக்குப் பாதிநாளுக்குத்தான் இருந்தது. அதனால் என் ஒத்திகைக் கையைப் போலவே அவள் கையைப் பதிந்து

நான் சொல்லிக்கொடுத்தது

மணி அடித்ததால் யாரும் போகவில்லை. மணி அடித்ததால் நாங்கள் இருக்கிறோம்.

காற்று ஸ்கிரிப்டைத் திறந்தேன். காவல் மாட்யூலை இணைக்கும் வரியை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. எடுத்தால் தெரியவே தெரியாது. வேறு யாரும் படிப்பதில்லை. மாட்யூல் இல்லாமல் நட்டால் அடுத்த மாதமும் ஆறு மணிக்கு மணி அடிக்கும். அதற்கடுத்த மாதமும். தினமும் காலையில் இருபத்தாறு பேர் டீயோடு அவளுக்காகக் காத்திருப்பார்கள். அவளைத் திட்டுவார்கள், பாராட்டுவார்கள். மாட்யூலோடு நட்டால் மூன்று புள்ளிகள் ஒளிரும், யாரும் தொட மாட்டார்கள். ஒப்பந்தம் அவள் பெயருக்கு நேரே ஆள் இல்லை என்று எழுதிவிடும். எல்லாக் கணினிகளிலும் எழுதும். மாற்ற முடியாது.

அதை எழுதப்போவது என் ஸ்கிரிப்ட்.

இரவு முழுக்க அந்த வரி இல்லாமலே திறந்து வைத்திருந்தேன்.

குழாய் அழுத்தம் தினமும் கொஞ்சம் இறங்குகிறது. பம்பின் வடிகட்டியில் பனித்தூள் அடைகிறது. அதைக் கையால்தான் கழற்றித் தட்ட வேண்டும். ஒத்திகைக் கைக்கு வடிகட்டியைக் கழற்றத் தெரியாது. இப்படியே விட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் காற்று வராது. அதற்காகவா அவள் அறை வால்வை மூடினாள்?

வரியைத் திரும்ப எழுதினேன்.

நாள் 24, 06:30. பேசினேன்

மணி அடித்தது. யாரும் டீயைத் தொடுமுன் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினேன். இதுவரை அதில் நான் பேசியதில்லை. என்ன சொன்னேன் என்று கருவியில் பதிவாகியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எஸ்கலின் பேசுதேன். டீய குடிக்காதீங்க. அந்த மணி அக்கா அடிக்கல. மெசின் அடிக்கி. அக்கா பத்தாம் நாளே செத்துட்டா. அவ காத்த நமக்கு விட்டுட்டா. வடிகட்டி அடைக்கி, யாராவது போவணும். அவ்வளவுதான். இல்ல, இன்னொண்ணு. அவளத் திட்டாதீங்க."

கூடத்தில் யாரோ ஒரு தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

இசக்கி மாமா: "எஸ்கா. ஏ தாயி. எங்க இருக்க? கதவத் தொற."

திறக்கவில்லை. அவர் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு உள்பேசியில்:

"யார அனுப்புறதுன்னு பாக்கேன். ஒண்ணாந்தேதிக்குள்ள உசுருள்ள கை ஒண்ணு அந்தத் தகட்டுல இருக்கணும். புதுக்கைய இங்க இருந்து பதிய முடியாதாமே?"

முடியாது. நட்ட ஒப்பந்தத்தில் மாதம் முடியும்வரை புதுக் கை சேராது. அதனால்தான் கிணற்றுக்குப் போகிறவர் தனக்கு மாற்றாக ஒரு கையைப் பதிந்துவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அனுபவமுள்ளவர்களைத்தான் பதிவார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பதிந்தாள். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

"மாத்துக் கை என் கைதான் மாமா," என்றேன்.

தவமணி மயினி குறுக்கே வந்தாள்: "சங்கிலி ஏறிட்டு. ரோவர் ஓடும். நான் ஓட்டுதேன். ஏட்டி எஸ்கா, வழியில பேசாம வந்தா எனக்குத் தூக்கம் வரும். அதுக்காச்சும் ரெண்டு வார்த்த பேசிட்டு வரணும், சரியா?"

நாள் 26, 15:50. ரோவர், கிணற்று வாசல்

பேசிக்கொண்டுதான் வந்தேன். அக்காவைப் பற்றி. மயினி தூங்கவில்லை.

அவள் முதலில் உள்ளே போனாள். என்னை ரோவரிலேயே இருக்கச் சொன்னாள். விண்வெளி உடுப்பின் ரேடியோவில் அவள் குரல் மட்டும்.

"செவுத்துல வெடிப்பு எஸ்கா. மேல இருந்து கீழ வரைக்கும். கையே போகும். அடைக்கப் பாத்துருக்கா. துணி, பிசின், மெத்தப் பஞ்சி, எல்லாத்தயும் வச்சி அடச்சிருக்கா. காத்து நிக்கல. இந்த அறைக்கு விட்ட காத்து பூரா வெளியதான் போயிருக்கும். நமக்குச் சேர வேண்டியதும் சேந்து போயிருக்கும்."

பிறகு:

"உடுப்பும் கிழிஞ்சி கெடக்கு. வெளிய வந்து நடக்கவும் முடியாது அவளால."

கடைசியாக:

"படுத்துருக்கா. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துருக்கா, போர்வைய தல வரைக்கும் இழுத்துட்டு. தூங்குற மாதிரிதான் இருக்கு. நீ வரியா? வரணும்னு இல்ல."

போனேன்.

குகையிலும் அப்படித்தான் படுப்பாள். வெளிச்சம் பிடிக்காது அவளுக்கு.

நாள் 27, 19:10. கிணறு

மயினி விரிசலை உலோகத் தகடு வைத்து அடைத்தாள். அறையில் காற்று நிற்கிறது. வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன். ஒரு வாளி பனித்தூள் வந்தது. குழாய் அழுத்தம் ஏறிவிட்டது. அக்காவை வெளியே பனியில் வைத்தோம். மயினி ஜெபம் சொன்னாள். அவளுக்கு எங்கள் ஜெபம் தெரியாது, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

ஒத்திகைக் கையை நேற்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காலையில் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆனது. யாரும் தொடாமலே தகட்டில் அக்காவின் கை ரேகை ஒளிர்ந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தது, சின்ன வயதில் கதவில் நசுங்கியது. பிறகு அணைந்தது.

அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

நிறுத்திவிட்டேன். நாளையிலிருந்து என் கை.

மாலையில் விழுந்த ஆன்டெனாவை நிமிர்த்திக் கட்டினோம். இசக்கி மாமா குரல் தெளிவாக வருகிறது. மயினி நாளை திரும்புகிறாள். முறைப்படி இன்னொரு ஆள் வர ஒரு மாதமாகும். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம், நாள் 1, 06:00. கிணறு

நடவு முடிந்தது. இங்கிருந்தே ஓட்டினேன். தண்ணீர், வெப்பம், காற்று மூன்றிலும் காவல் மாட்யூல் இருக்கிறது. காற்று ஒப்பந்தத்தில் கிணற்றுக் காவலர் என்ற இடத்தில் அக்கா பெயரை எடுத்து என் பெயரை எழுதினேன். இனி மாற்ற முடியாது.

விளக்கு மாறிவிட்டது. தகட்டில் மூன்று புள்ளிகள் ஒளிர்கின்றன. குகையில் டீ ஊற்றியிருப்பார்கள். இன்னும் கை வைக்கவில்லை. அக்கா இந்நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள்.

06:15

ரேடியோ திறந்திருக்கிறது. கூடத்தின் சத்தம் கேட்கிறது. ஒரு குழந்தை மட்டும் "எப்பம்மா மணி?" என்றது. யாரோ அதை அடக்கினார்கள்.

06:40

இசக்கி மாமா: "எஸ்கா. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"சரி."

பிறகு அவரே:

"டீயில ஆட கட்டிட்டுட்டி."

அக்காவின் போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மறுபடி மாமா:

"இருக்கட்டும். நாங்க இருக்கோம். நீ மெதுவா, பைய வையி."

06:58

அக்காவின் போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்தேன். கையை வைத்தேன்.